ஐந்தாம் நம்பரில் ஒரு பவனி

மனிதர்களில் முள் பார்க்கிறவர்கள் என்று ஒரு ரகம் உண்டு. மீட்டருக்குள் நின்று ஆடுமே, அந்த முள்.

நீங்கள் இவர்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தேனாம்பேட்டை சிக்னலில் ஒரு டீசல் பிக்கப் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கமாட்டார். பச்சை விளக்கைப் பார்க்கமாட்டார். பின்னால் நிற்கிற ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கியபடி அவருடைய பரம்பரையையே கூப்பிட்டு விசாரிப்பதும் காதில் விழாது. முன்கண்ணாடி ஓரத்தில் வரிசையாகப் பதித்த வட்ட மீட்டர்களுக்குள் நீல வெளிச்சத்தில் நடுங்குகிற முட்களையே, தொட்டிலில் கிடக்கும் தலைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த மீட்டர்கள் போதாதா? போதாது. கம்பெனிக்காரன் எதையோ மறைக்கிறான் என்பது இந்த ரகத்தின் முதல் நம்பிக்கை.

மயிலாப்பூர் ஆம்ப்ரோஸ் இந்த ரகத்தில் முழு வளர்ச்சி அடைந்தவர். கல்யாணம், காதுகுத்து, இரங்கல் கூட்டம் எதுவானாலும் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு அனுப்புவது அவர் தொழில். நாற்காலி ஏற்றத்தான் பிக்கப். நாற்காலிக்கு என்ன அப்படி ஒரு அவசரம் என்று நீங்கள் கேட்பீர்கள். லூயிசாவும் கேட்டாள். லூயிசா அவர் மனைவி, டீச்சர், கேள்வி கேட்பது அவளுக்குத் தொழில்.

"ஏங்க, லஸ்லருந்து தி.நகர் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆவுது. நடந்து போறவன் நம்மள முந்திக்கினு போறான். இதுல வண்டிக்கு எதுக்கு இன்னும் பவரு?"

"பவர் வேற, இழுவை வேற லூயிசா. சொன்னா உனக்குப் புரியாது."

சொன்னால் யாருக்கும் புரியாது என்பது இந்த ரகத்தின் இரண்டாவது நம்பிக்கை.

அந்த இழுவையை வடபழனியில் ஒரு பட்டறையில் மாட்டிக் கொடுத்தவன் பிரபு. அவன் மாட்டியதற்கு டியூனர் என்று பெயர். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வண்டியின் கம்ப்யூட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, 'பாவம், அவனுக்கு இன்னும் கொஞ்சம் டீசல் ஊற்று' என்று கோள்மூட்டிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. பெட்டியில் ஒரு திருகு. ஒன்றிலிருந்து ஐந்து வரை நம்பர்.

"அஞ்சுல வெச்சீங்கன்னா வண்டி சும்மா சிங்கம் மாரி பூடும் சார்," என்றான் பிரபு. "ஆனா உள்ள இன்னா நடக்குதுன்னு நமக்குத் தெர்ல பாருங்க. அதுக்கு மீட்டரு போட்டுக்கினா சேஃப்டி."

டீசல் எரியக் காற்று ஊதுகிற டர்போவுக்கு ஒரு மீட்டர் போட்டார்கள். அதன் பக்கத்து இடம் மூளியாகத் தெரிந்ததால் புகைக்குழாய்ச் சூட்டுக்கு ஒன்று போட்டார்கள். அவை இரண்டும் ஜோடியாகிவிட்டதால் ஆயிலுக்கும் பாட்டரிக்கும் ஒரு ஜோடி. அதற்குப் பிறகு ஆம்ப்ரோஸிடம் யாரும் சாதாரணமாகப் பேச முடியவில்லை. கோட்டூர்புரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காரர், தாலி கட்டுகிற நேரம் நெருங்கிவிட்ட பதற்றத்தில், "நாற்காலி எங்க சார்? ஜனம் நிக்குது!" என்று போனில் கத்தினார். "வந்துட்டேன் சார், பாலத்து மேலதான் நிக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லட்டா? இவ்ளோ டிராஃபிக்லயும் சூடு முந்நூறத் தாண்டல!" என்றார் ஆம்ப்ரோஸ். எதிர்முனையில் சிறிது நேரம் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

இதெல்லாம் வீட்டுக்குள், வியாபாரத்துக்குள் இருந்தவரை யாருக்கும் நஷ்டம் இல்லை. மாதா திருவிழா வந்தது.

அவர்கள் பங்குக் கோயிலில் திருவிழாவின் கடைசி நாள் தேர் பவனி. தேர் என்றால் தனியாகத் தேர் கிடையாது; ஒரு வண்டியின் முதுகில் ஜோடனை கட்டி, விளக்குத் தோரணம் போட்டு, மாதாவை ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோவார்கள். ஆம்ப்ரோஸின் அப்பா காலத்தில் அவருடைய டெம்போ. அப்பாவுக்குப் பிறகு ஆம்ப்ரோஸின் பிக்கப். வருஷம் முழுக்க அவர் நாற்காலிக்காரர். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் பங்கு ஜனமே அவர் பின்னால் நடக்கும். இந்த வருஷம் அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. கேக் கடை கிளிஃபர்ட் புதிதாக ஒரு பாட்டரி வண்டி வாங்கி, "சத்தம் கிடையாது, புகை கிடையாது, மாதாவுக்கு என் வண்டிதான் பொருத்தம்" என்று பங்குப் பேரவையில் எழுந்து நின்று சொல்லிவிட்டான்.

"இந்த வருஷம் ஆம்ப்ரோஸே ஓட்டட்டும்," என்றார் ஃபாதர். "எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு அடுத்த வருஷத்துக்கு முடிவு பண்ணலாம்."

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? வண்டியைக் கழுவியிருப்பார். ஆம்ப்ரோஸ் கணக்குப் போட்டார். தேர் ஜோடனை, ஜெனரேட்டர், விளக்குகள், அதற்கு மேல் மாதா. எவ்வளவு பாரம்! இழுவை வேண்டாமா? திருகை ஐந்தில் வைத்தார்.

பவனி நடப்பது வயதான பாட்டிமார்களின் நடை வேகத்தில் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

முன்னால் பேண்டு வாத்தியம். அடுத்து ஆம்ப்ரோஸின் பிக்கப். அதை ஒட்டியபடி பின்னாலேயே, அந்த வருஷம் முதல்தடவையாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய சிறுமிகள், வெள்ளை கவுனும் பூக்கூடையுமாக. அவர்களில் ஆம்ப்ரோஸின் மகள் லிசாவும் ஒருத்தி. கவுன், லூயிசா கண் வலிக்கத் தைத்தது. சிறுமிகளுக்குப் பின்னால் நீலப் புடவையில் மரியாயின் சேனை ஜெபக் குழுப் பெண்கள், லூயிசா அங்கே. அதற்கும் பின்னால் ஜெபமாலையோடு ஊர். நாலு வீட்டுக்கு ஒருதரம் வண்டி நிற்க வேண்டும். மாலை வாங்க வேண்டும். மறுபடி புறப்பட வேண்டும். புறப்படும்போதெல்லாம் ஆம்ப்ரோஸ் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். மிதித்தபோதெல்லாம் டியூனர் பெட்டி டீசலைக் கொட்டியது. அந்த நடை வேகத்தில் டர்போ தூக்கம்கூடக் கலையவில்லை. எரியாத டீசல் எங்கே போகும்? பின்பக்கமாக, கறுகறுவென்று, குழந்தைகள் மேல் போயிற்று.

ஆம்ப்ரோஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டிருந்தார். சூடு, நார்மல். ஆயில், நார்மல். பாட்டரி, நார்மல். இதைவிட ஒரு பவனிக்கு என்ன வேண்டும்? பின்னால் கூச்சல் கேட்டது. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கிளிஃபர்ட் ஓடிவந்து கதவைத் தட்டினான்.

"மச்சி, புகை! பின்னாடி பாரு மச்சி!"

ஆம்ப்ரோஸ் கண்ணாடியை விரற்கடை இறக்கினார். "பொறாமைப்படாத மச்சி. இங்க பாரு, இருநூத்தம்பதுகூட இல்ல." கண்ணாடியை ஏற்றிவிட்டு, வண்டிக்குப் போதிய தெம்பு இல்லையென்று ஜனங்கள் நினைத்துவிடக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

அடுத்து வந்தவள் லிசா. அவளுக்குக் கதவுக் கண்ணாடி எட்டவில்லை, பூக்கூடையால் தட்டினாள். ஆம்ப்ரோஸ் கதவைத் திறந்தார். வெள்ளை கவுன் சாம்பல் நிறத்தில் இருந்தது. முகமெல்லாம் கரி, கண்ணீர் ஓடிய இரண்டு கோடுகள் மட்டும் சுத்தமாக இருந்தன.

"டாடி, மாதாவே தெரியல டாடி," என்றாள்.

ஆம்ப்ரோஸ் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். சிறுமிகள் நடுத்தெருவில் குந்தி இருமிக்கொண்டிருந்தார்கள். நீலப் புடவைகள் என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை. லூயிசா மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவரை ஒரு பார்வை பார்த்தாள். மாதாவின் அங்கியிலும் பின்பக்கம் முழுக்கக் கரி படிந்திருந்தது. ஆம்ப்ரோஸுக்கு அப்பா முகம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

ஃபாதர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "இன்ஜினை அணைச்சிடுங்க ஆம்ப்ரோஸ்."

வண்டியில் நாற்காலி கட்டும் கயிறு இருந்தது. கிளிஃபர்ட் தன் பாட்டரி வண்டியை எடுத்து வருகிறேன் என்றுதான் ஆரம்பித்தான். ஜனங்கள் மாதாவை நடுவழியில் இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கயிற்றை முன்னால் கட்டி, அவனே முதல் ஆளாகப் பிடித்தான். பிறகு தெருவே பிடித்தது. ஆம்ப்ரோஸ் ஸ்டியரிங் மட்டும் பிடித்தார். இன்ஜின் இல்லாத ஸ்டியரிங் கல்லாய் இறுகியிருந்தது, தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. முட்கள் படுத்துவிட்டன. திறந்த ஜன்னல் வழியாக 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் கேட்டது, கயிற்றின் இழுப்புக்கு இழுப்பு. மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

கோயில் வாசலில் ஃபாதர் சொன்னார்: "நான் வந்ததுலேருந்து இப்படி ஒரு பவனி பார்த்ததில்ல. இனிமே வருஷா வருஷம் கயித்துலதான். ஸ்டியரிங் ஆம்ப்ரோஸே பிடிக்கட்டும், அவருக்குத்தான் தோள் பழகிடுச்சு."

இதோடு மனிதர் திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைப்பீர்கள். லூயிசாவும் நினைத்தாள். கவுன் ஊறப்போட்ட தண்ணீர் தெளிவதற்குள் ஆம்ப்ரோஸ் வடபழனியில் இருந்தார்.

"பிரபு, ஜனம் கயித்த எவ்ளோ பலமா இழுக்குதுன்னு காட்டுற மீட்டர் எதுனா கீதாப்பா?"

"இல்லாம இன்னா சார்! முள்ளு வெச்சதா, நம்பர் வர்றதா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் இன்று காலை காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" என்று வீட்டில் கேட்டபோது, பதில் சொல்வதற்கு முன்னால் நீங்கள் எதைப் பார்த்தீர்கள்? அந்தக் கையை மறைக்க வேண்டாம். தூக்கத்துக்கு மார்க் போடுகிற வாட்ச்சின் வெளிச்சம் சட்டைக்கு வெளியே தெரிகிறது. போகட்டும், கேட்டவர் தூங்கினாரா என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்களா?