சர்தார் பாயின் நாலு கால்

"முடியாதுன்னா முடியாது. இந்த வீட்டுச் செருப்பு ஒண்ணுகூடத் தியேட்டர் வாசலை மிதிக்காது!"

சர்தார் பாய் இப்படிக் கர்ஜித்தபோது, பாண்டி பஜாரில் பச்சையாக இருந்த சிக்னல் தானாகச் சிவப்புக்கு மாறியது. நம்பாதவர்கள் நேரில் போய் அந்தச் சிக்னலையே விசாரித்துக்கொள்ளலாம். இன்னும் அங்கேதான் நிற்கிறது.

மகள் ஜுவேரியா மட்டும் அசையவில்லை.

"ஒரே ஒரு படம்ப்பா. பெருநாள் அன்னிக்குப் போய்ப் பாப்போம். பாத்துட்டும் அனிமேஷன் படிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க, மறுநாளே வாயை மூடிக்கிட்டு பி.காம். சேந்துடறேன்."

"பாக்காமலே சொல்றேன். சினிமா நம்ம குடும்பத்துக்கு ஆகாது."

"அந்தப் படத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

தெரியும். தெரிந்ததுதான் வினை.

படத்தின் பெயர் 'நாளைக்குப் பெருநாள்'. மனிதர்கள் நிஜம், ஆடும் கோழியும் கார்ட்டூன். பெருநாள் பிரியாணிக்குத் தன்னை விட்டுவிட்டு மற்றதைப் பிடிக்க வேண்டும் என்று ஆடும் கோழியும் மாறி மாறிச் சதி செய்ய, கடைசியில் அந்த வீட்டார் கத்தரிக்காய் சாப்பிடுகிற கதை. அதில் ஆட்டுக்கு நடையும் ஓட்டமும் கொடுத்தவர் சாட்சாத் சர்தார் பாய்.

தி.நகரில் அவருக்குத் திரைச்சீலைக் கடை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கொட்டகைக்குள் ஷூட்டிங், பெரிய பச்சைத் துணி கட்ட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கட்டினார். அடி மடிப்பு நேராக இருக்கிறதா என்று தரையில் நாலு காலில் தவழ்ந்து பார்த்தார். டைரக்டர் அலறினார்: "அந்த ஆட்டை விட்டுடாதீங்க!"

அதற்கப்புறம் ஒரு மாதம், கறுப்புச் சட்டையில் உடம்பெங்கும் வெள்ளைப் பொட்டு ஒட்டிக்கொண்டு, சர்தார் பாய் தவழ்ந்தார், துள்ளினார், கதவை முட்டினார். "உங்க முகம் ஒரு இடத்துலயும் வராது பாய், மேல கம்ப்யூட்டர் ஆடு வரைஞ்சிடும்" என்று டைரக்டர் சத்தியம் செய்திருந்தார். கோழிக்கு வேறு ஆள், வேறு நேரம். இரண்டையும் கம்ப்யூட்டரே சேர்த்து வைத்துக்கொள்ளுமாம்.

முகம் வராத இடத்தில் குற்றம் எங்கிருந்து வரும்? நடித்தது ஆடு. சர்தார் பாய் சும்மா உள்ளே இருந்தார், அவ்வளவுதான்.

வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முழங்கால் வலித் தைலம்தான் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. அவர் ஒரு சொட்டுத் தேய்த்தால் பாட்டிலில் ஒரு சாண் இறங்கியது. கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து எடுத்துக்கொள்கிறான் என்று மகன் ஃபராஸைத் திட்டித் தீர்த்தார். மனைவி அஃப்சருன்னிசா அதிலெல்லாம் தலையிடவில்லை. வேளச்சேரித் தங்கை வீட்டுக்கு அடிக்கடி போய்வந்த பஸ் குலுக்கலில் அவளுக்கே கழுத்துப் பிடிப்பு.

"டிரெய்லரையாவது பாருங்களேன்," என்று ஜுவேரியா போனை நீட்டினாள்.

ஆடு வந்தது. வந்ததும், இல்லாத லுங்கியை இடுப்பில் ஒரு தூக்குத் தூக்கிவிட்டு, இடது காதைச் சொறிந்தது. லுங்கியைத் தூக்கிவிட்டு இடது காதைச் சொறிந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்த சர்தார் பாயின் கை அப்படியே நின்றது.

"இந்த ஆட்டை எங்கேயோ பாத்திருக்கேன்," என்றான் ஃபராஸ்.

"எல்லா ஆடும் ஒரே மாதிரிதாண்டா இருக்கும்!"

"அவர் சொல்றதும் சரிதான். பெருநாளும் அதுவுமா சினிமா எதுக்கு?" என்றாள் அஃப்சருன்னிசா.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் அவருக்கு ஆமாம் போட்டது அதுவே முதல் தடவை. சர்தார் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பிள்ளைகள் விடுவதாக இல்லை. முழங்கால் வலி, அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று சொல்லிப் பார்த்தார். ஃபராஸ் உடனே டிக்கெட்டை மாற்றினான். பொத்தானை அமுக்கினால் படுக்கையாக விரிகிற சீட்.

"படுத்துக்கிட்டே பாக்கலாம்ப்பா. முன்னாடி ஒரு தலை மறைக்காது."

சரி, படத்தை நிறுத்த முடியாது. தன் ஜாடையையாவது அழித்துவிடுவோம் என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து காதைச் சொறியவில்லை. தலையை ஆட்டவில்லை. லுங்கியைத் தூக்கிவிடவில்லை. கவனிப்பாரற்ற லுங்கி ரங்கநாதன் தெருவில் ஒருநாள் தானே ஒரு முடிவெடுத்தது. அந்தக் கதை நமக்கு வேண்டாம். கழுத்தைத் திருப்பாமல், கையை வீசாமல், கடைப் பொம்மை மாதிரி நடந்தார்.

எதிரே வந்த மச்சான் அமீன், அதாவது அஃப்சருன்னிசாவின் அண்ணன், பார்த்துப் பதறிப்போனார். பக்கவாதம் என்ற சொல் அன்று மாலைக்குள் ராயப்பேட்டை தாண்டி ஆற்காடு வரை போய்விட்டது. பெருநாள் தொழுகை முடிந்த கையோடு உறவு மொத்தமும் நலம் விசாரிக்க வந்து இறங்கியது.

"எனக்கு ஒண்ணுமில்ல! கல்லு மாதிரி இருக்கேன்!" என்று கத்தினார் சர்தார் பாய்.

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப எல்லாருமாச் சேந்து படத்துக்குப் போவோம் மச்சான். உங்களுக்கும் மனசு லேசாகும்," என்றார் அமீன்.

நாலு டிக்கெட் ஒரு வேன் ஆயிற்று.

வேளச்சேரி மாலில் விளக்கு அணைந்தது. ஆடு வந்தது. தியேட்டர் குலுங்கியது.

"மச்சான்! அப்படியே உங்க நடை!" அமீன் எட்டிப் பார்த்துக் கூவினார்.

"எனக்கென்ன நாலு காலா இருக்கு?"

அடுத்து கோழி வந்தது. இரண்டு இறக்கையையும் இடுப்பில் ஊன்றி, கழுத்தை வெடுக்கென்று நீட்டி ஆட்டை ஒரு பிடி பிடித்தது. ஆட்டுக்குக் கிடைத்ததைப்போல் இரண்டு மடங்கு கைதட்டல். சர்தார் பாய்க்கு வயிறு எரிந்தது. மாட்டிக்கொள்வோம் என்ற பயம்கூட அதில் கொஞ்சம் கருகிப்போனது.

"இந்தக் கோழி ரொம்ப ஓவராப் பண்ணுது," என்று முணுமுணுத்தார்.

பக்கத்து சீட்டில் இருந்த அஃப்சருன்னிசா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆடு மட்டும் என்ன கிழிச்சுடுச்சாம்?"

"முட்டறது லேசா? முட்டிப் பாத்தாத்தான் தெரியும்!"

"படத்தைப் பாருங்க."

படம் முடிந்து விளக்கு எரிந்தது. ஜுவேரியா எதிரே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"இப்ப சொல்லுங்கப்பா. படிக்கட்டுமா, வேணாமா?"

உறவு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தவர், திறந்தபடியே நின்றார். முதல்நாள் கூட்டத்தைப் பார்க்க வந்த படக்குழு வாசலில் நின்றது. அதிலிருந்து ஒருவன், கையில் பொன்னாடையோடு, நேராக அவர் வரிசையைப் பார்த்து ஓடிவந்தான். பாலு. தினமும் அவர் முழங்காலுக்குப் பஞ்சு வைத்துக் கட்டிவிட்ட உதவி டைரக்டர்.

சர்தார் பாய் சீட்டுக்கு அடியில் நழுவப் பார்த்தார். கை பொத்தானில் பட்டது. சீட் படாரென்று விரிந்து அவரை மல்லாத்தியது. இரண்டு கையும் இரண்டு காலும் அந்தரத்தில் உதைத்தன.

"அப்பா... ஆடு!" என்றான் ஃபராஸ்.

போதும். ஒரு மனிதன் எவ்வளவுதான் ஒளிவான்? சர்தார் பாய் உருண்டு எழுந்தார். சீட்டின்மேல் ஏறி நின்றார். எல்லோரும் பார்க்க லுங்கியைத் தூக்கிவிட்டார். பெருநாள் ஆயிற்றே, அன்று அவர் போட்டிருந்தது பைஜாமா, ஆனாலும் தூக்கிவிட்டார். இடது காதை ஆசைதீரச் சொறிந்தார்.

"ஆமா! நான்தான் ஆடு! ஒரு மாசம் தவழ்ந்தது நான். கதவை முட்டினது நான். கூப்பிட்டா நாளைக்கும் போய் முட்டுவேன். எவன் என்ன பேசினாலும் பேசட்டும், எனக்கு வெக்கமில்ல! ஜுவேரியா, நீ அனிமேஷன்தான் படிக்கிற. இதுல கொம்பு கோணலா வரைஞ்சு வச்சிருக்கானுங்க. அடுத்த படத்துக்கு நம்ம வீட்டு ஆள்தான் வரையணும்!"

அமீனின் பாப்கார்ன் ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஜுவேரியா ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். சர்தார் பாய் நெஞ்சை நிமிர்த்தி, பொன்னாடைக்குத் தோதாகக் கழுத்தை நீட்டினார்.

"அது தெரிஞ்ச கததான் பாய், கொஞ்சம் நவுரு," என்ற பாலு அவரைத் தாண்டி எட்டிப் பொன்னாடையை விரித்தான். "இன்னா கோழியக்கா, பக்கத்து சீட்லயே ஆட்ட வச்சிக்கினு ஒண்ணுந் தெரியாத மாதிரி குந்திக்கினு கீற?"