லாரிவீட்டுக் கெம்போங் காண்டம்

வாழி! சக்கரத்தின் மேல் இல்லம் சமைத்தோன் வாழி! பாக்கார் ஆராங் ஊரிலிருந்த தொடர்வீட்டை மகனுக்கு விட்டுக்கொடுத்து, பழைய லாரி ஒன்றின் கூண்டுக்குள் கட்டிலும் அடுப்பும் ஐஸ்பெட்டியும் மாதா படமும் தன் கையாலேயே அறைந்து நிறுத்தி, அதையே அரண்மனை என்று ஊருக்கு அறிவித்த ரஃபேல் வாழி! அவர்தம் இல்லக்கிழத்தி ஜெனவீவ் அம்மையார் வாழி! வணக்கம் சொல்லாமல், வாலை மட்டும் உயர்த்தி அவ்வரண்மனையில் உலவுவோனும், இறால் அரைத்துக் காய்ச்சிய பிளாச்சான் கட்டியை உரித்து வைத்த நிறத்தினால் பிளாச்சான் என்றே பெயர் பெற்றோனுமாகிய பூனைவேந்தனும், வேறு வழியில்லாததால், வாழி! அடுப்படி காக்கும் கேஸ் தோம்பே, இக்கதை முடியும்வரை தீர்ந்துவிடாதே!

தவக்காலம் முழுதும் இறைச்சி தொடேன் என்று ஆண்டுதோறும் கோயிலில் முழந்தாளிட்டுச் சூளுரைப்பதும், ஆண்டுதோறும் பாதி வழியில் இறைச்சி சுடும் ஏதேனும் ஒரு சாத்தே கடைப் புகையில் அச்சூளுரை கருகிப்போவதும் ரஃபேலின் குலவழக்கமாகிவிட்டிருந்தது. இவ்வாண்டு ஜெனவீவ் அம்மையார் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார்: "இந்த வருஷமும் தோத்தீங்கன்னா, இனிமே சபதம்னு வாயத் தொறக்கவே கூடாது லா. ஃபாதர் முன்னாடி எனக்குத்தான் வெக்கமா இருக்கு." அந்தச் சொல் வீரனைச் சுட்டது. இம்முறை எப்படியும் வென்றாக வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார்.

குருத்தோலை ஞாயிறு நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை. சிடாம் கிரிச் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் அரண்மனை நின்றது. ஜெனவீவ் அம்மையார் அழுக்குத்துணி மூட்டையோடு, தோழி தேவகியின் காரில் காலையிலேயே டோபிக் கடைக்கு எழுந்தருளிவிட்டார். சூளுரை தடுக்காத மீன் வகையில் அரண்மனையில் இருந்தது ஒரே ஒரு கெம்போங். இருவருக்கும் பாதிப் பாதி. அன்றியும், தவக்காலம் அறியாத தேவகி முந்தின நாள் அன்போடு கொடுத்த கோழிப் பிரட்டல் ஒரு டப்பா நிறைய ஐஸ்பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தது. மீன் உள்ளவரை கோழியை நினையேன் என்று வீரன் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டார். நினைத்துக்கொண்டுமிருந்தார்.

எண்ணெய் காய்ந்தது. மஞ்சளும் மிளகாயும் பூசிய கெம்போங், போர்க்கோலம் பூண்டு சட்டியில் இறங்கியது. அந்தோ! அரண்மனை நின்ற நிலம் சரிவாயிருந்தது. எண்ணெயெல்லாம் ஒரு பக்கமாய் ஒதுங்கி, வால்பக்கம் மொறுமொறுவென்று சிவந்து, தலைப்பக்கமோ பச்சையாகவே விழித்துக் கிடந்தது. அலமாரி உச்சியிலிருந்து பிளாச்சான் இறங்கி வந்தான்; அடுப்பு மேடையின் மறுகோடியில் முன்கால் மடித்து அமர்ந்தான்; கண்ணை மூடினான். கரண்டியை வாளென ஓங்கி ரஃபேல் முழங்கினார்: "இங்க பாரு, இந்த மீனுல உனக்குப் பங்கு இல்ல! முள்ளு வேணும்னா கடைசியில தர்றேன்!" எதிரியோ மீசைமயிர் ஒன்றைக்கூட அசைத்தானல்லன்.

வீட்டைச் சமப்படுத்தினாலன்றி மீன் வேகாது என்று தேர்ந்த வீரன், அடுப்பை அணைத்து, மீனைத் தட்டில் இட்டு, தட்டை மேடைமேல் பகைவனுக்கு எட்டாத் தொலைவில் வைத்து, கதவைத் தாழிட்டு, கீழிறங்கி, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் முன்னே பலகையொன்றைப் பொருத்தி, ஓட்டுநர் ஆசனமேறி, மாதாவே துணை என்று விசையை மிதித்தார். இரும்புக்களிறு பிளிறியது, ஒரு முழம் பாய்ந்தது, பலகையேறிக் குலுங்கி நின்றது. வீடு நகர்ந்தால் வீட்டிலுள்ளதெல்லாம் நகரும் என்பதை, ஓராண்டாய் லாரியில் குடியிருந்தும், அக்கணத்தில் அவர் மறந்தார். அலமாரி கொக்கிகளை மாட்டியவர், தட்டை மறந்தார். முதல் குலுக்கலில் தட்டு வழுக்கியது. மேடையின் நீளமெல்லாம் தேர்போல ஓடியது. மறுகோடியில் தவமிருந்த பிளாச்சானின் மடியருகே, படையல் வைத்தாற்போல், வந்து நின்றது. பிளாச்சான் கண்ணைத் திறந்தான்.

வீரன் கதவைத் திறந்தபோது களத்தில் எஞ்சியது முள். மட்டமாய் நின்ற அரண்மனையில் ரஃபேல் துயருற்றார். ஆயினும் அத்துயரின் அடியில், சொல்லவும் நாணும் ஒரு சின்ன மகிழ்ச்சி வாலாட்டியதை நாம் மறைப்பதற்கில்லை.

துவைத்து மடித்த துணியோடு ஜெனவீவ் திரும்பியதும், இடிமுழக்கக் குரலில் பிரகடனம் எழுந்தது: "மீன் போச்சு லா! பூனை தின்னுருச்சு! நான் என்ன செய்ய? ஆண்டவருக்கே தெரியும், வேற வழியில்ல. கோழிதான்!" சொல்லிக்கொண்டே வெற்றிவீரனின் நடையில் ஐஸ்பெட்டியை நெருங்கி மூடியைத் தூக்கினார். உள்ளே தண்ணீர்ப் போத்தல்கள் மட்டும் குளிர்ந்திருந்தன.

"கோழி டப்பாவக் காலையிலேயே தேவகிகிட்டத் திருப்பிக் குடுத்துட்டேன்," என்றார் அம்மையார், துணியை அடுக்கியபடி. "உங்கள எனக்குத் தெரியாதா?"

ரஃபேலின் முகம் வாடிற்று, பின் சிவந்தது, பின், தம் சூளுரை இன்னும் உடையாமல் இருக்கிறது என்பது மெல்ல உறைத்ததும், கேளாமலே வந்த வெற்றியின் கூச்சத்தோடு மலர்ந்தது. இவ்வாறு, மீனைப் பகைவனிடமும் கோழியை மனைவியிடமும் இழந்து, இழந்தமையாலேயே தவக்காலத்தை வென்று, தலைநிமிர்ந்து நின்றார் லாரிவேந்தர்.

கூடையில் முட்டை இருந்தது, பொரித்துச் சாப்பிட்டார்கள்.