வாசற்படிக்கு வெளியே ஒரு அண்ணன்

எனக்குக் கோபமே வராது என்று நாற்பத்திரண்டு வயது வரை உறுதியாக நம்பியிருந்தேன். வருவதெல்லாம் நியாயம், கொஞ்சம் சத்தமாக வருகிறது, அவ்வளவுதான் என்பது என் கட்சி. (முத்தியால்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். வீட்டிலும் வால்யூமைக் குறைக்கத் தெரியாது.)

கோபக்காரன் என் தம்பி பாபுதான் என்பது வீட்டில் எல்லோரும் சேர்ந்து எழுதிய தீர்ப்பு. பாபுவுக்குப் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி நிதானம். எதையும் கற்றுக்கொள்வான், ஆனால் அவன் வேகத்தில்தான். யாராவது "சீக்கிரம்" என்று விரட்டினால் போச்சு, கையில் இருப்பது பறக்கும். இப்படியே இரண்டு கடைகளிலிருந்து ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. தினமும் காலையில் சட்டை மாட்டி, தலை வாரிக்கொண்டு வந்து நிற்பான். "அண்ணா, எனக்கு வேலை எப்ப?" அந்தக் கேள்வி வந்ததும் நான் மைக் ஒயரைச் சுருட்டத் தொடங்கிவிடுவேன்.

மூலக்குளத்தில் இவனைப் போன்றவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் சேர்த்து ஒரு மனப்பயிற்சி வகுப்பு நடந்தது. நடத்தியவர் சுமதி மிஸ். பாடம் ஒன்றே ஒன்று. கோபம் ஏறும்போது அப்படியே நிற்க வேண்டும், மூச்சைச் சும்மா விட வேண்டும், மனசைக் கொண்டுபோய் உள்ளங்காலில் வைக்க வேண்டும். குதிகால் தரையில் படுகிறதா, விரல் அசைகிறதா, செருப்பு உறுத்துகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் ஏறினது தானாக இறங்கிவிடும்.

"வீட்ல ரெண்டு பேருமே செய்யணும் சார். மொதல்ல நீங்க" என்றார் மிஸ்.

"எனக்கெதுக்கு மிஸ்? நான் சூப்பர்வைசர்" என்றேன்.

செய்த நாளுக்கு நோட்டில் டிக் போட வேண்டும். என் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுசுக்கும் டிக் போட்டு வைத்துவிடுவேன். பாபுவுக்குப் பொய் டிக் போடத் தெரியாது. சாயங்காலம் டீக்கு முன்னால் சுவரோரமாக நின்று காலைக் கவனிப்பான். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "டேய், கவனிக்கிறியா இல்லியாடா? மனச அமைதியா வைடா!" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி அமைதி போதிப்பேன்.

நாலு மாதம் போனது. எங்கள் தெருமுனை பேக்கரி ஜமால் பாய் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். "ஒரு காலையில வந்து கல்லாப் பக்கம் நிக்கட்டும். கூட்ட நேரத்துல எப்படி சமாளிக்கிறான்னு பாத்துட்டு சொல்றேன்."

அந்த ஒரு காலைதான் பாபுவுக்குக் கிடைத்த மூன்றாவது வாய்ப்பு. நாலாவது கிடைக்காது என்று எனக்குத் தெரியும். மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க மட்டும் அங்க போயிடாதீங்க சார்" என்றார்.

"ச்சே ச்சே, நான் ஏன் போறேன்?"

போனேன். யாருக்கும் தெரியாமல் இருக்க ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, வாசலில் அடுக்கியிருந்த ரொட்டிக் கூடைகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். (ஹெல்மெட்டின் பின்பக்கம் என் சவுண்ட் சர்வீஸின் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் நானே எழுதியிருந்தேன்.)

உள்ளே ஏழெட்டுப் பேர் வரிசை. பாபு ஒவ்வொரு ரொட்டியையும் கவரில் போட்டு, வாயை இரண்டு தரம் மடித்து, இரண்டு கையாலும் நீட்டினான். வரிசையில் முதலில் நின்றவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் கைத்தடியால் தரையைத் தட்டி, பிரெஞ்சும் தமிழுமாக விரட்டினார்.

"வித், வித்! இன்னாப்பா, ரொட்டிக்குத் தாலியா கட்டற? சீக்கிரம் போடு!"

பாபுவின் கை நின்றது. கையில் ஒரு முழு நீள ரொட்டி.

அந்த நேரத்தில் நான் மேசைக்கு அடியில் பார்த்திருந்தால், செருப்புக்குள் அவன் கால்விரல்கள் ஒவ்வொன்றாக அசைவது தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. நியாயம் ஏறிவிட்டது.

"யோவ் பெரியவரே! யாரு தம்பிய வெரட்டற?" என்று பாய்ந்தேன். ஹெல்மெட்டுக்குள் கத்தினால் சத்தம் நம் காதிலேயே வந்து மோதும். எதிராளிதான் கத்துகிறார் என்று நினைத்து இன்னும் கத்தினேன். வீசிய கை பட்டு ஒரு பெரிய தட்டு கவிழ்ந்தது. முப்பது ஜாம் பன்னும் தரையில்.

"பாய், திருடன்! மூஞ்சிய மூடிக்கினு வந்துக்கிறான்!" என்று பெரியவர் தடியை ஓங்கினார்.

பாபு அவசரப்படவில்லை. ரொட்டியைக் கவரில் போட்டான். இரண்டு தரம் மடித்தான். பெரியவரிடம் நீட்டினான். பிறகு சுற்றிக்கொண்டு வந்து என் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அண்ணா, செருப்பக் கழட்டு."

"டேய், இவரு உன்ன..."

"செருப்பு."

கழற்றினேன்.

"மூச்சு விடு. சும்மா விடு. கால் எங்க?"

"தரையில."

"இன்னா தெரியுது?"

குனிந்து பார்த்தேன். "ஜாமு."

பாபு யோசித்தான். வகுப்பில் இதற்குப் பாடம் நடத்தவில்லை.

"செரி. ஜாம கவனி."

கவனித்தேன். வேறு என்ன செய்ய? சில்லென்று, பிசுபிசுவென்று, விரலிடுக்கில் மெதுவாக ஏறியது. நாலு மாத டிக்கில் நான் நிஜமாகவே செய்த முதல் பயிற்சி அதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், கோபம் எந்த நிமிஷத்தில் இறங்கிப்போனது என்று எனக்கே தெரியவில்லை.

பெரியவர் தடியைக் கீழே இறக்கினார். "பட்டாளத்துல எத்தினியோ கமாண்டர பாத்துட்டேன். இந்த மாதிரி ஒருத்தரு இல்லப்பா" என்று பாபுவுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

ஜமால் பாய் தரையைப் பார்த்தார், பாபுவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். என்னாலேயே போச்சே!

"இவ்ளோ கலாட்டாவுலயும் கையில இருந்த ரொட்டிய அவன் கீழ போடல, பாத்தியா?" என்றார். "பாபு திங்கக்கிழமைலேர்ந்து வேலைக்கு வரட்டும். நீ மட்டும் இந்தப் படியத் தாண்டி வராத."

ஏழு வருஷம் ஆகிறது. பாபு இப்போது காலைக் கூட்டத்தைத் தனியாகச் சமாளிக்கிறான். தடை மட்டும் நீங்கவில்லை. குடும்பமே உள்ளே உட்கார்ந்து கேக் சாப்பிட, என் துண்டு நடைபாதைக்கு வரும். சமையல் கேஸ் வர லேட்டானால் நான் போனில் குரலை உயர்த்துவேன். படித்துக்கொண்டிருக்கும் என் மகள் தலையைக்கூடத் தூக்காமல், "அப்பா, ஜாம கவனி" என்பாள்.

போன வாரம் ஜமால் பாய் ஊரில் இல்லை. கல்லாவில் பாபு. படிக்கு இந்தப் பக்கம் நின்று மெதுவாகக் கேட்டேன்.

"தம்பி, பாய்தான் இல்லியே. உள்ள வரட்டா?"

பாபு என்னை மேலும் கீழும் பார்த்தான். நிதானமாக யோசித்தான்.

"நேத்து ஆட்டோக்காரர்கிட்ட கத்தன."

"அது... நியாயம்டா."

"நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, என் ரொட்டியை இரண்டு தரம் மடித்து வெளியே நீட்டினான்.