முக்கோணத்துக்குக் கீழே ஒரு கேசட் கடை

தர்மபுரி மாவட்டத்தில் மின்னணு இசையை முதன்முதலில் ஊர் கேட்க ஒலிபரப்பியவன் நான்தான். இருபது வருடங்களுக்கும் மேலாக இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை. (போட்டிக்கும் யாரும் வரவில்லை என்பது வேறு விஷயம்.) மாவட்டத்தின் முதல் நவீனச் சுவரோவியமும் என் கடைச் சுவரில்தான் வரையப்பட்டது. இரண்டு சாதனைகளும் ஒரே நாளில், ஒரே இடத்தில் ஊர் முன்னால் வைக்கப்பட்டன. இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஊர் என்ன முடிவுக்கு வந்தது என்பதை மட்டும் வெளியில் சொல்வதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்து மூன்று வயது. வரலாற்றில் பி.ஏ. முடித்திருந்தேன், வரலாறு என்னைக் கண்டுகொள்ளவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் மெயின் ரோட்டின் மேலேயே அப்பாவுக்கு ஓர் அறை இருந்தது. மரவள்ளிக் கிழங்கு மூட்டை போட்டு வைத்திருந்த அறை. அதில் கேசட் ரெக்கார்டிங் சென்டர் வைக்க வேண்டும் என்பது என் லட்சியம். உரக்கடை வைக்க வேண்டும் என்பது அக்கா வீட்டுக்காரரின் லட்சியம். மாமா லட்சியத்தோடு நிற்கிற ஆள் இல்லை. மூட்டை இறக்க லாரிக்கே சொல்லி வைத்திருந்தார்.

அப்பாவின் மனசு உரத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. பாட்டு ரேடியோவில் சும்மா வருகிறது, யூரியா ரேடியோவில் வருமா என்பது அவருடைய வாதம். அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்து எனக்கு ஒரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார்.

"கடையத் தொற," என்றார் அப்பா. "மொத நாளு நான் எதுத்தாப்புல டீக்கடையில ஒக்காந்துக்குவேன். ஊரு சனம் உள்ள வந்தா ரூம்பு உனக்கு. வரலீன்னா மறுநாளே அவரு மூட்டைய எறக்கட்டும்."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க," என்றார் மாமா, அறையின் நீள அகலத்தைக் காலால் அளந்தபடி.

பழைய கேசட்டுகளை மலிவாக வாங்கி அவற்றின் மேலேயே புதுப் பாட்டைப் பதிவது என் திட்டம். அதற்காக பெங்களூர் போனேன். கூட அன்வர் வந்தான். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன், பிறகு ஆர்ட்டிஸ்ட். எங்கள் தாலுகாவில் எந்தச் சுவரில் எந்தக் கட்சி எழுதினாலும் கையெழுத்து அவனுடையதுதான். தேர்தல் சமயத்தில் காலையில் ஒரு கட்சியைப் புகழ்ந்துவிட்டு, சாயங்காலம் அதே தூரிகையைக் கழுவி எதிர்க்கட்சியைப் புகழ்வான். அவனுக்கு பிரஷ் வாங்க வேண்டியிருந்தது.

கேசட் மூட்டையோடு வழி தவறி ஒரு ஓவியக் கல்லூரியின் மதிலுக்கு வந்து சேர்ந்தோம். மாணவர்கள் ஏணி போட்டு மதிலில் வரைந்துகொண்டிருந்தார்கள். மதிலில் மேலிருந்து கீழ்வரை ஒரு பெரிய விரிசல். நாமாக இருந்தால் சிமெண்டு பூசுவோம். அவர்கள் அந்த விரிசலை அப்படியே ஆறாக்கி, இரண்டு கரையிலும் ஊர் வரைந்திருந்தார்கள். அன்வர் அசையாமல் நின்றான். அப்புறம் அரைக் கன்னடத்தில் ஒரு பையனிடம், இது எந்தக் கம்பெனிக்கு என்று கேட்டான். கம்பெனிக்கு இல்லை, சுவருக்கு என்றான் அந்தப் பையன்.

பஸ்ஸில் ஓசூர் தாண்டும்வரை அன்வர் ஜன்னலுக்கு வெளியே போகிற சுவர்களையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு சொன்னான்: "இத்தன வருசமா செவுத்து மேல எழுதறேன்டா. ஒரு நாளும் செவுத்தப் பாத்ததே இல்ல."

வீட்டுக்கு வந்து கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் பேர் இல்லை, ஊர் இல்லை. போட்டால் 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். டேப்ரெக்கார்டர் ஹெட்டில் அழுக்கு என்று நினைத்து ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மறுபடியும் 'ம்ம்ம்ம்'. சரி, அழித்துவிடலாம் என்று நினைத்து, சோம்பேறித்தனத்தால் அழிக்காமல் படுத்துக் கிடந்தேன். (கலையுலகத்துக்கு என் சோம்பேறித்தனம் செய்த தொண்டுகளில் இது தலையாயது.) பத்து நிமிடம் போனதும்தான் தெரிந்தது, அந்த 'ம்ம்ம்ம்' இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ இருக்கிறது. எப்போது மாறியது என்று தெரியவில்லை. ஆழமான கிணற்றுக்குள் குனிந்து பேசினால் நம் குரல் போனபிறகும் கிணறு கொஞ்ச நேரம் பேசுமே, அதுபோல. தபேலா இல்லை, பல்லவி இல்லை, ஆரம்பித்ததாகவோ முடியப்போவதாகவோ அறிகுறி இல்லை. இந்த வகைக்கு ஆம்பியன்ட் என்று பெயர், சிந்தசைசர் என்ற கருவியில் செய்வது என்பதெல்லாம் நான் பல வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'மெதுப் பாட்டு'.

அன்வர் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "எல்லாப் பாட்டுலயும் ஒருத்தன் ஒருத்தியக் கூப்பிட்டுக்கினே இருக்கான். இதுல யாரும் யாரையும் கூப்பிடல. நிம்மதியா இருக்குதுடா."

அதற்குப் பிறகு எங்களை யாராலும் பிடிக்க முடியவில்லை. கடையின் பக்கச் சுவர் ரோட்டைப் பார்த்து இருபது அடி நீளத்துக்குப் படுத்திருந்தது. அன்வர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் அரை நாள் நின்று பார்த்தான். கடையின் கூரைக்குப் பின்னால் சித்தேரி மலை தெரிந்தது. "மலைதான் ஏற்கனவே இருக்குதே, அத எதுக்கு வரையணும்?" என்றான். "செவுத்த ஏரியாக்கிடறேன். தண்ணிக்குள்ள மலையோட நெழல மட்டும் வரையறேன்."

மூன்று நாள், மெதுப் பாட்டைக் கேட்டுக்கொண்டே வரைந்தான். வெளிர் நீலத்தில் தண்ணீர். அதன் நடுவில் சாயங்கால வெயிலில் சிவந்த மலையின் பிம்பம், தலைகீழாக. ஓர் எழுத்துகூடக் கிடையாது. நிஜ மலை மேலே, அதன் பிம்பம் கீழே, நடுவில் என் கடை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மார்பு விரிகிறது. எந்த ஊர் அருங்காட்சியகத்திலும் மலையைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்த முடியாது.

திறப்பு நாள். தேங்காய் உடைத்தாயிற்று. நான் புத்தம்புது வெள்ளை முழுக்கைச் சட்டையில் நின்றேன். மைக்செட் கோவிந்தண்ணன் கூரைமேல் குழாய் ஸ்பீக்கர் கட்டி, கனெக்சன் கொடுத்திருந்தார். கடை திறந்தால் முதலில் சாமி பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு. இதுதான் உலக வழக்கம். உலகத்தை மாற்ற வந்தவனாகிய நான் மெதுப் பாட்டைப் போட்டேன்.

'ம்ம்ம்ம்' என்றது குழாய், மெயின் ரோடு முழுக்க.

கோவிந்தண்ணன் ஏணியிலிருந்து பாதியிலேயே குதித்தார். "எர்த் அடிக்குது. பூமிக்குப் போற கம்பி சரியில்லீன்னா இப்பிடித்தான் எரையும்."

"எர்த் இல்லீங்கண்ணா. பாட்டு."

"இருவது வருசமா மைக்செட்டு போடறேன். பாட்டு எது, எர்த்து எதுன்னு எனக்குத் தெரியாதா? ஒரு கொடம் தண்ணி கொண்டா."

கடை ஓரத்தில் அவர் அடித்திருந்த எர்த் கம்பியைச் சுற்றி உப்பைப் போட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அந்தப் பாட்டின் இயல்புப்படி அந்த நேரம் பார்த்து அது மெல்ல அடங்கியது.

"பாத்தியா, கொறையுது," என்றார்.

பாட்டு மறுபடி மெல்ல எழுந்தது.

"பத்தல. இன்னும் ரெண்டு கொடம்."

இப்படியே அவர் ஊற்ற ஊற்ற அது அடங்கி எழுந்தது. அவர் அடிபம்புக்கும் கம்பிக்குமாக நடந்துகொண்டிருந்தார். நான் வாசலைப் பார்த்தேன். ஒரு ஈ, காக்கை இல்லை. ஆம்பளைகள் வருகிறார்கள், சுவரைப் பார்க்கிறார்கள், ஒரு கணம் காது கொடுக்கிறார்கள், பிறகு நடையை எட்டிப் போடுகிறார்கள். ஒருவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தார். எதிர் டீக்கடையில் மாமா அப்பாவுக்கு இரண்டாவது டீ சொல்லிக்கொண்டிருந்தார், தன் செலவில்.

என்ன சங்கதி என்று விசாரித்துவர அன்வரை அனுப்பினேன். திரும்பி வந்தவன் முகத்தில் ரத்தமில்லை.

"மலைய யாரும் மலைன்னு பாக்கலடா."

"பின்ன?"

"செகப்பு. முக்கோணம். தலகீழா. என்னான்னு நீயே சொல்லு."

அந்தக் காலத்தில் அந்தச் சின்னத்தைத் தெரியாதவர் கிடையாது. ஆஸ்பத்திரிச் சுவர், பஸ்ஸின் முதுகு, எங்கே பார்த்தாலும் தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணம். குடும்பக் கட்டுப்பாடு.

"நானே எத்தன ஆஸ்பத்திரி செவுத்துல அளவு நூல் புடிச்சி வரைஞ்சிருக்கேன்," என்றான் அன்வர். "எனக்கே தோணலியேடா."

"அதனால?"

"ஆப்பரேசன் கேம்ப்பாம். உள்ள மெசின் ஓடுதாம். கொடம் கொடமாத் தண்ணி போவுதாம். நீ வெள்ளச் சட்ட போட்டிருக்கியாம்."

நான் சட்டையைக் குனிந்து பார்த்தேன். கழற்றிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சட்டை இல்லாமல் நின்றால் வதந்தி வேறு திசையில் போகும் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் என் முதல் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மலையடிவாரத்து ஊர்க்காரப் பெண். பின்னால் அவள் பிடியில் அவள் புருஷன். கையை அவள் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் சந்தைக்கு மாடு பிடித்துக் கொண்டுவந்தது போலிருந்தது.

"டாக்டருங்களா?" என்றாள்.

"இல்லீங்க, நான்..."

"கம்பவுண்டரா இருந்தாலும் பரவால்லீங்க. இவருக்குத்தான். நாலு பெத்தாச்சு. மூணு மாசமாப் பேசி இன்னிக்குத்தான் சரின்னாரு. மனசு மாறதுக்குள்ள பண்ணி உட்டுடுங்க."

"வலிக்குங்களா?" என்றார் புருஷன், என் கையில் இருந்த ஸ்குரூடிரைவரைப் பார்த்து.

"அக்கா, இது கேசட்டுக் கடைங்க."

"அப்ப இந்த மெசினு?"

"மெசின் இல்லீங்க. பாட்டு."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "யாரு பாடறது?"

"யாரும் பாடலீங்க."

தலையை மறுபக்கம் சாய்த்தும் கேட்டாள். "அதான் நல்லா இருக்குது," என்றாள்.

(மகாஜனங்களே, அந்த இசையைப் பற்றி அதற்குப் பிறகு நான் ஆங்கிலத்தில் படித்த எந்த விமர்சனமும் இதைத் தாண்டவில்லை.)

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, உட்காரலாமா என்று கேட்டாள். பெஞ்சைக் காட்டினேன். தப்பித்த சந்தோஷத்தில் புருஷன் பெஞ்சில் சாய்ந்தார். ஐந்தே நிமிடம். மல்லாந்து, கைகளை மார்பில் மடித்து, அயர்ந்து தூங்கிப்போனார்.

அதை டீக்கடையில் யாரோ பார்த்துவிட்டார்கள்.

"மயக்க ஊசி போட்டாச்சு," என்று ஒரு குரல்.

"ரத்தம் ஒண்ணும் காணமே?"

"அதான் தண்ணி ஊத்திக் கழுவறாங்களே."

முதலில் இரண்டு பேர் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். பிறகு நாலு பேர் உள்ளே வந்தார்கள். அவர்கள் வெளியே போவதற்குள் பின்னால் பத்துப் பேர். அறை நிரம்பி, ஆளுக்கு ஆள் தோள்மேல் எக்கி, பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் பேசவில்லை. எழவு வீட்டு அமைதி. அந்த அமைதியில் மெதுப் பாட்டு அதற்குப் பிடித்த மாதிரி விரிந்து போய்க்கொண்டிருந்தது. அப்படி ஒரு சபை அந்த இசைக்கு ஐரோப்பாவிலும் வாய்த்திருக்காது.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மாமா.

"யாருடா இந்தாளு? உசுரு இருக்குதா?"

"தூங்கறாருங்க," என்றாள் அந்தப் பெண். "கள்ளக்கா காட்டுல பன்னிக் காவலுக்குப் போயிப் போயித் தூக்கமே கெட்டுப்போச்சு. இப்பிடித் தூங்கி ரெண்டு வருசமாச்சுங்க."

அப்பாவும் கடலைக் காட்டில் பன்றி விரட்டியவர்தான். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பாட்டைக் கேட்டாரா, தூங்குகிறவரைப் பார்த்தாரா தெரியாது. பக்கம் முடிந்து டேப் 'டக்' என்று நின்றது. புருஷன் கண்ணைத் திறந்தார். சுற்றி முப்பது முகங்கள்.

"முடிஞ்சிதுங்களா?" என்றார்.

"முடிஞ்சிது, எந்திரி, பஸ்சு வந்துரும்," என்றாள் அவள்.

அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறு என்று நடந்து போனார். கூட்டம் வாய்பிளந்து வழிவிட்டது. அவர்கள் ஏறியது வீட்டுக்குப் போகிற பஸ்ஸா, தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸா என்று நான் கவனிக்கவில்லை. அந்த அம்மாவின் பிடியைப் பார்த்தவரையில், தர்மபுரியாகத்தான் இருக்கும்.

கடைசி ஆளும் வெளியே போனதும் அப்பா எழுந்தார்.

"ரூம்பு உனக்குத்தான்," என்றார்.

மாமாவுக்குத் தாங்கவில்லை. "என்னாங்க நாயம் இது? அவங்க பாட்டுக் கேக்க வரலீங்க. ஆளப் பாக்க வந்தாங்க."

"உள்ள வரணும்னுதான் சொன்னேன்," என்றார் அப்பா. "எதுக்கு வரணும்னு நான் சொல்லலியே." வாசல் வரை போனவர் திரும்பினார். "அந்த மொனகற பாட்ட ஒண்ணு எடுத்து வூட்டுக்குக் கொண்டா."

கோவிந்தண்ணன் எட்டாவது குடத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தார். "இப்பத்தான் சுத்தமா நின்னுருக்குது," என்றார், நெற்றியைத் துடைத்தபடி. கூலி பேசும்போது எர்த் ரிப்பேருக்குத் தனியாகக் கேட்டார்.

ஓவியத்தை அழித்துவிடலாமா என்று அன்வரிடம் கேட்டேன். முறைத்தான். மறுநாள் காலை வந்து, முக்கோணத்துக்குக் கீழே தண்ணீரின் ஓரமாகச் சின்ன எழுத்தில் 'இது அது இல்லை' என்று எழுதிவிட்டுப் போனான். அந்தக் கடை ஒன்பது வருடம் ஓடியது. பெயர்ப் பலகையில் நான் வைத்திருந்த பெயர் எனக்கே மறந்துவிட்டது. ஊரில் அதற்கு 'இதுஅதில்லை கடை' என்றுதான் பேர். பாட்டு பதிய இண்டூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். மெதுப் பாட்டை மட்டும் மொத்தம் பதினோரு பேர் பதிந்து வாங்கினார்கள். பதினோரு பேரும் தூக்கம் வராதவர்கள்.

மாமா உரக்கடையை அரூரில் வைத்து நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அந்த அறை கைநழுவியதை மறக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி மூத்தவன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, குழந்தையைப் பார்த்து, "என்னா மாப்ள, மெசினு வேல செய்யலியா?" என்றார். இரண்டாவது பிறந்தபோதும் அதே ஹார்லிக்ஸ், அதே கேள்வி. மூன்றாவது பிறந்தது பெண். மாமா வார்டுக்குள் நுழைந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "பத்தல மாப்ள," என்றார். "இன்னும் ரெண்டு கொடம் ஊத்தியிருக்கணும்."

அந்தக் கடைக்குட்டி இப்போது சேலத்தில் காலேஜ் படிக்கிறாள். உங்கள் வீட்டில் எதற்கு மூன்று பேர் என்று தோழிகள் கேட்டால் வெட்கப்படுவதே இல்லையாம். "நான் எர்த் பத்தாம பொறந்தவ," என்கிறாளாம்.