மாதிரிக்குப் போட்ட மேசை

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். எனக்கு மிச்சமிருக்கும் தைரியம் அது ஒன்றுதான்.

மெழுகுவர்த்தி விற்க வலைத்தளம் தொடங்கலாமா என்று யோசனை கேட்டிருந்தாய். அம்மாவின் துணிப்பைகளை விற்கத் தளம் போட்டவள் என்ற முறையில் சொல்கிறேன். முதலில், வீட்டு ஃபோன் நம்பரைக் கொடுக்காதே. பை கேட்டு அழைத்த முதல் மூன்று பேரிடமும் அம்மா, "இது வீடுங்க, கடை இல்ல"ன்னு சொல்லி ஃபோனை வச்சுட்டாங்க. அடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போடு. நீலப் பையின் ஓரத்தில் அப்பாவின் கால் கட்டைவிரல் விழுந்திருக்கிறது, "அதுவும் சேர்த்தா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மூன்றாவது, ஏற்றுக்கொண்ட ஆர்டரை என்ன ஆனாலும் அனுப்பியே தீர வேண்டும், அதில்தான் கடையின் பெயர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழகுவதற்காகப் போட்ட மாதிரிப் பொருளைக் கடை திறக்கும் முன் நீக்கிவிடு. நான் நீக்கவில்லை அக்கா. மாதிரிக்கு நம்ம மேசையைத்தான் போட்டிருந்தேன், யாரோ வாங்கிட்டாங்க! ரத்து செய்யப் போய், அவசரத்தில் 'அனுப்பத் தயார்' என்பதை அழுத்திட்டேன். ஆர்டர் சீட்டை அச்செடுத்து, பார்க்கப் பயந்து, வரலாற்றுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் பார்சல்காரர் வருகிறார். அப்பாவுக்குத் தெரியாது.

அந்த மேசையில்தான் இதை எழுதுகிறேன். நடுவில் நீ காம்பஸ் முனையால் கிழித்த கோடு அப்படியே இருக்கு. என் முழங்கை ஒரு விரல் தாண்டினாலும், "ஏய், எல்லை!"ன்னு ஸ்கேலால் தட்டுவியே. உன் பக்கத்து மைக்கறையை நாம் ஒரு நாள் யானை என்றோம், ஒரு நாள் கணக்கு டீச்சர் என்றோம். நீ கல்யாணமாகிப் போன அன்று, "இனிமே முழுசும் உனக்குத்தான்டி"ன்னு சொன்னே. இதுவரை நான் கோட்டைத் தாண்டி ஒரு பென்சில்கூட வைத்ததில்லை.

இப்போதுதான் அப்பா உள்ளேயிருந்து, "யாரது, இன்னும் லைட்டு?" என்றார்.

"வரலாறு படிக்கிறேன்பா."

"அது காலையிலயும் மாறாது, படு."

காலையில் மேசையே இருக்காது, அவரிடம் எப்படிச் சொல்வேன்? நீயே ஒரு வார்த்தை பேசிவிடு. அத்தானுக்கு என் வணக்கம். உன் மெழுகுவர்த்திகள் நன்றாக விற்கட்டும், மாதிரிகளைத் தவிர.

இப்படிக்கு,
கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் தங்கை

பி.கு.: உறையில் உன் முகவரியை எழுதி முடித்து, மேசையில் ஒட்ட முகவரி எழுதுவதற்காக அந்த ஆர்டர் சீட்டைப் பிரித்தேன். அத்தான் பெயர். அதே வீட்டு எண், அதே தெரு. அடிப்பாவி அக்கா, நீதானா! மூன்றாவது யோசனையை அடித்துவிடு. மேசை வராது, பணம் திரும்பி வரும். பார்சல்காரரிடம் இந்தக் கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்புகிறேன். மேசை வேணும்னா நீ வா. உன் பாதி காலியாத்தான் இருக்கு.