உப்புச் சாக்குத் தையலில் ஒரு போர்வை

எதைப் பார்த்தாலும் ‘இதற்குள்ளே என்ன இருக்கும்?’ என்று திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. சின்ன வயதில் இதைக் கெட்டித்தனம் என்றார்கள். கல்யாணம் முடித்த பிறகு அப்படி யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. சுவர் மணிக்கூடு, ரைஸ் குக்கர், இவருடைய மோட்டார் சைக்கிள் ஹார்ன் என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்திருக்கிறேன். (திறப்பது எனக்கு நன்றாக வரும். மூடுவதில்தான் கொஞ்சம் பிசகு.)

இந்த வியாதி என் மகள் பர்ஹானாவுக்கு வரவில்லை. நேராக அவளுடைய மகள் ஸைனபுக்குப் போய்விட்டது. நான்கு வயது. வாங்கிக் கொடுத்த எந்தப் பொம்மைக்கும் எங்கள் வீட்டில் வயிறு முழுதாக இல்லை.

பர்ஹானாவும் ஸைனபும் என்னோடுதான் இருந்தார்கள். மருமகனுக்குக் கட்டாரில் வேலை. அங்கே வீடு கிடைத்து, விசாவும் வந்து, திங்கட்கிழமை இரண்டு பேரும் புறப்படுவதென்று முடிவாயிற்று. அதற்குப் பல கிழமைகளுக்கு முன்பே ஸைனப், தாயின் போனில் துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த போர்வை ஒன்றைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

“உம்மும்மா, எனக்கும் இது வேணும்.”

“இதென்ன பெரிய வேலயா? நான் தைச்சித் தாறன்.”

தைப்பதற்கு முன்பு எப்படித் தைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? பார்த்தேன். ஜப்பானில் எப்படி, அமெரிக்காவில் எப்படி, குளிர் நாட்டில் உள்ளே என்ன வைக்கிறார்கள், வெயில் நாட்டில் என்ன வைக்கிறார்கள், எல்லாம் பார்த்தேன். முந்தல் ஊர்க் கடையொன்றில் கிலோக் கணக்கில் விற்கும் வெட்டுத்துணியும் ஒரு பை வாங்கி வைத்தேன். உலகத்துப் போர்வைகள் அத்தனையும் பற்றி யார் கேட்டாலும் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். ஒரு துண்டுகூட வெட்டவில்லை.

வியாழக்கிழமை பர்ஹானா சூட்கேஸை விரித்து வைத்துக்கொண்டு சொன்னாள்: “உம்மா, ஒரு போர்வைக்குத்தான் இடமிரிக்கி. நீங்க முடிக்கல்லெண்டா மாமிட போர்வய வைக்கிறன்.”

மாமி என்றால் என் சம்பந்தி, கனமூலையில் இருக்கிறார். நல்ல மனுஷி, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பேத்திக்கு நான் ஒரு சட்டை வாங்கினால் அவர் இரண்டு வாங்குவார். இந்த முறை கொழும்புக்கே போய், பெரிய கண்ணுள்ள பொம்மைப் படம் போட்ட, பூனை முதுகு மாதிரி மெத்தென்ற போர்வை ஒன்றை வாங்கி வந்துவிட்டார். கட்டாரில் ஏசி போட்ட அறையில் என் பேத்தி யாருடைய போர்வைக்குள் சுருண்டு படுப்பாள்? எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. பிள்ளை போகப் போகிறாள் என்ற துக்கத்தையெல்லாம் அந்தப் போர்வையின் மேல் ஏற்றி வைத்திருந்தேன் என்று இப்போது விளங்குகிறது.

வெள்ளிக்கிழமை காலை வேலையில் இறங்கினேன். உள்ளே வைக்கப் பஞ்சு இல்லை. இவருடைய தலையணை கண்ணில் பட்டது. நல்ல இலவம்பஞ்சு. அதை எடுத்துக்கொண்டேன். அடுத்தது தையல் மெஷின். அது போன மாதத்திலிருந்து நாலைந்து துண்டாகக் கிடந்தது. (அடி நூல் எப்படி மேலே வருகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். பார்த்துவிட்டேன். அவ்வளவுதான்.)

எங்களுக்கு உப்பு வியாபாரம். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டோர். அங்கே சாக்கின் வாயைத் தைக்கும் கை மெஷின் ஒன்று உண்டு. கையில் பிடித்துக்கொண்டு போனால் ‘டர்ர்ர்’ என்று கண் மூடித் திறப்பதற்குள் ஒரு சாக்கை முடித்துவிடும். இவரும் வேலையாட்களும் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதைத் தூக்கி வந்தேன். அவர்கள் தொழுது, கதைத்து, சாப்பாட்டுக்கு வருவதற்குள் துண்டுகளைப் பொருத்தி, அடித்துணி வைத்து, பஞ்சைத் திணித்து, நாலு ஓரமும் மூடி, மெஷினையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். அன்றைக்கு என்னை யாராவது பார்த்திருந்தால் தொழிற்சாலை தொடங்கச் சொல்லியிருப்பார்கள்.

சாக்குத் தையலில் ஒரு விஷயம் உண்டு. அது சங்கிலித் தையல். முனையில் தொங்கும் நூலைச் சரியாகப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், முழுவதும் கழன்று கையோடு வந்துவிடும். சாக்கைத் திறக்க அது வசதி. இது எனக்குத் தெரியாதா? உப்பு வியாபாரியின் வீட்டுக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா? சாக்கைப் பார்க்கும்போது தெரியும். போர்வையைத் தைக்கும்போது ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை ஸைனபின் பாலர் பாடசாலையில் குடும்ப ஓட்டம். உப்பு நீர்க் களப்பின் கரையோரத் திடலில் நடந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளை, பெற்றோர், பாட்டன் பாட்டி என்று எல்லோரும் ஓட வேண்டும். வீட்டிலிருந்து ஒரு பெட்ஷீட் கொண்டுவந்து, பெரியவர்கள் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து, நடுவில் ஒரு குரும்பட்டியை, அதாவது தென்னம் பிஞ்சை, வைத்து, பிள்ளையையும் பக்கத்தில் ஓடவைத்து எல்லைக்குப் போக வேண்டும். குரும்பட்டி விழுந்தால் திரும்பத் தொடக்கத்துக்கு. யாரும் துரத்தாமல் மனிதர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக விளங்காத விஷயம். அதனால் ஆவலோடுதான் போனேன்.

எங்கள் நாலாவது மூலைக்குச் சம்பந்தி வந்தார். புதுக் கறுப்பு அபாயா, வெள்ளைச் சப்பாத்து. நான் மருமகன் விட்டுப்போன சப்பாத்தைத் துணி திணித்துப் போட்டிருந்தேன்.

பர்ஹானா பெட்ஷீட்டை விரித்தாள். ஸைனப் அதைத் தள்ளிவிட்டாள். “உம்மும்மா தைச்சத பிடிங்க!” காலையிலிருந்து அவள் அந்தப் போர்வையைக் கீழே வைக்கவில்லை. நான் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். ஆனால் சம்பந்தியின் கையிலேயே அதன் ஒரு மூலை இருக்கப் போகிறது என்று எண்ணியபோது, என் வாய் தானாக மூடிக்கொண்டது.

“மச்சி, நல்லா இரிக்கே! எப்பிடி இவ்வளவு கெதியா தைச்சீங்க?” என்றார் சம்பந்தி.

“எல்லாம் ஒரு கைப்பழக்கம்தான்,” என்றேன்.

இவர் மட்டும் தன் பக்கத்து ஓரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “இது எங்கட தையலாச்சே…” என்று முணுமுணுத்தார். மேலே ஏதும் சொல்வதற்குள் டீச்சர் விசில் ஊதிவிட்டார்.

ஓடினோம். சோளகக் காற்று முகத்தில் அடித்தது. குரும்பட்டி நடுவில் துள்ளியது. முதலாவதாகப் போனது நாங்கள்தான்! என் வயதுக்கும் அந்தச் சப்பாத்துக்கும் அது பெரிய சாதனை. ஸைனப் என் கைக்குப் பக்கத்தில் ஓடி வந்தாள். அப்போதுதான் ஓரத்தில் தொங்கிய நூலை அவள் கண்டாள்.

ஸ்டோரில் அவளுக்கு மிகவும் பிடித்த வேலை சாக்கு திறப்பது. இரண்டு நூலில் எதை இழுத்தால் கழலும் என்று அவளுக்கு அத்துப்படி.

“மூத்தாப்பா! இது சாக்கு நூல்!” என்று பாட்டனைப் பார்த்துச் சந்தோஷத்தில் கத்தினாள்.

“நூல விடு மகள்! விடு!” என்று இவர் அலறினார்.

‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ஒரு ஓரம் முழுவதும் வாயைத் திறந்தது. உள்ளே புகுந்த காற்று போர்வையை ஒரு தடவை ஊதி, இருந்த பஞ்சு அத்தனையையும் வெளியே எறிந்தது. இலவம்பஞ்சு கீழே விழுமா என்ன? திடல் முழுக்கப் பறந்தது. பின்னால் வந்த குடும்பங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று முட்டின. டீச்சர் விசிலை ஊத வாயைத் திறந்து, பஞ்சைத் துப்பினார். யாரோ ஒரு வாப்பா தாடியில் அப்பிய பஞ்சோடு, போன வருடத்தைவிட இந்த வருடம் நன்றாக இருக்கிறது என்றார்.

இவர் ஓட்டத்தை நிறுத்தி, பறந்து வந்த ஒரு பிடியைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

“இது என்ட தலகாணி!”

(ஒரு இரவு முழுக்கத் தலையணையைத் தேடிவிட்டு, கடைசியில் கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்த மனிதர். பஞ்சை முகர்ந்தே கண்டுபிடித்துவிட்டார்.)

நான் அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். சம்பந்தியின் கறுப்பு அபாயா வெள்ளைக் கம்பளியாக மாறியிருந்தது. இனி என்ன, என் போர்வை முடிந்தது, பொம்மைப் படம்தான் கட்டார் போகிறது என்று நினைத்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பஞ்சு விழுந்ததென்று துடைத்துக்கொண்டேன்.

“மச்சி, என்னத்த நிக்கிறீங்க? குரும்பட்டி இன்னும் விழல்ல! ஓடுங்க!” என்றார் சம்பந்தி.

உண்மைதான். குரும்பட்டி திறந்த வாய் வழியாக உள்ளே உருண்டு, அடித்துணியில் பத்திரமாகக் கிடந்தது. மிச்ச ஓரங்களும் ஓட ஓடக் கழன்று, மேல்துணி தனியாக, அடித்துணி தனியாக ஆகிவிட்டன. குரும்பட்டியோடு சம்பந்தியும் இவரும் முன்னால் போக, கொடி பிடித்ததுபோல் மேல்துணியோடு நானும் பர்ஹானாவும் பின்னால் போனோம். ஸைனப் நூலைக் கையில் சுற்றிக்கொண்டு எல்லோருக்கும் முதலில் எல்லையைத் தாண்டினாள். ஒரு குடும்பம் இரண்டு துணியோடு வந்தால் செல்லுமா என்று டீச்சர்மார் நெடுநேரம் கதைத்து, கடைசியில் எங்களுக்கு ஒரு ஆறுதல் பரிசு தந்தார்கள். சோப்புப் பெட்டி.

வீட்டுக்கு வந்ததும் நான் அந்த இரண்டு துணியையும் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் தள்ளப் பார்த்தேன். ஸைனப் விடவில்லை. “இது என்ட!” என்று அதன் மேலேயே குந்திவிட்டாள். சம்பந்தி அபாயாவிலிருந்து பஞ்சைப் பிடுங்கிக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய், வந்ததும் பர்ஹானா சூட்கேஸில் வைத்துவிட்ட தன் போர்வையை எடுத்து வந்து என் மடியில் போட்டார்.

“இத உள்ளுக்கு வெச்சி தைங்க மச்சி. பஞ்சும் தேவல்ல, இடமும் மிச்சம்.”

“ஒங்கட பொம்ம வெளிய தெரியாதே?”

“தெரியாட்டி என்ன? பிள்ளக்கு சூடு தெரியும்தானே.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் சட்டைக்குச் சட்டை போட்டி போட்ட மனுஷியை அன்றைக்குத்தான் திறந்து பார்த்தேன் போலிருக்கிறது.

என் தையல் மெஷினின் துண்டுகளை இவரும் சம்பந்தியும் சேர்ந்து பொருத்தினார்கள். (என்னைக் கிட்டப் போக விடவில்லை.) ஞாயிறு முழுக்க இருந்து சம்பந்தி மூன்று ஓரத்தை இறுக்கமாகத் தைத்தார். நாலாவது ஓரத்தைத் தொடும்போது ஸைனப் அழத் தொடங்கினாள்.

“இழுக்கிறதுக்கு நூல் இல்ல! பொம்மய எப்பிடி பாக்கிற?”

அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் என்னிடம் மட்டும்தான் பதில் இருந்தது. ஸ்டோருக்குப் போய்ச் சாக்கு மெஷினை எடுத்து வந்தேன். இந்த முறை இவருக்கு முன்னாலேயே, ‘டர்ர்ர்’.

இப்போது எங்கள் குடும்பத்தில் எதுவும் சீக்கிரமாக முடிந்துவிட்டால், “உம்மும்மாட தையலா?” என்று கேட்ட பிறகுதான் நம்புவார்கள். இவர் புதுத் தலையணையை இரவில் தொட்டுப் பார்த்த பிறகுதான் விளக்கை அணைப்பார். வாரத்தில் ஒரு நாளாவது கட்டாரிலிருந்து வீடியோ கோல் வரும். போர்வையை மடியில் வைத்துக்கொண்டு ஸைனப் நூலின் முனையைத் தேடிக்கொண்டிருப்பாள். பின்னால் பர்ஹானாவின் குரல் கேட்கும்: “உம்மா, நேத்துத்தான் கையால தைச்சன்! இழுக்க வேணாமெண்டு சொல்லுங்க!”

சொல்ல வேண்டும்தான். பெரியவள் நான்.

“மகள்,” என்பேன் ஸைனபிடம், “போனக் கொஞ்சம் கிட்டப் பிடி. எனக்கும் பாக்கணும்.”