வீரபத்திரனின் ழகரம்

“கைப்பட ஒரு லெட்டர் எழுதிப் போடுங்க. அப்பத்தான் வருவேன்.”

திருச்சுழியில் அண்ணன் வீட்டில் இருந்த நாகஜோதி போனை வைத்துவிட்டாள்.

அருப்புக்கோட்டையில் லோடு வேன் ஓட்டும் வீரபத்திரன் மேல்தான் குற்றம். தெருவுக்கே தெரியும். கல்யாண நாளன்று பொண்டாட்டிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் ரோஜாவை டிரைவர்கள் குரூப்பிலும் தட்டிவிட்டிருந்தான். அதுவும் அங்கேதான் முதலில்.

“லெட்டர்தான? ஒரு லோடே எழுதுவேன்!” என்று பேனாவைத் திறந்தான்.

ழகரம் ஒன்றுதான் இடறல். பள்ளிக்கூடத்தில் அதற்காக வாத்தியார் காதைத் திருகியதிலிருந்து, சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ழகரத்தைப் போட்டுவிடுவான். போட்டான். உறையை ஒட்டிப் பெட்டிக்குள் தள்ளி, வேனைத் தட்டுவதுபோல் பெட்டியையும் ஒரு தட்டு தட்டி அனுப்பினான்.

பதில் வந்தது. அவன் பெயருக்கு வந்த முதல் கடிதம்! டீக்கடையில் அத்தனை பேருக்கும் உறையைக் காட்டிவிட்டுத்தான் பிரித்தான்.

‘சரி, ஒழிந்தே போகிறேன். இதற்கும் கைப்படப் பதில் வேண்டும்.’

“என்னலே எழுதுன?” என்றார் டீக்கடை சங்கையா.

“என் உசுருக்கே ஒளி நீ-ன்னு எழுதுனேண்ணே.”

“எந்த ளி? பள்ளிக்கூடத்துக்கு வாரதா, வழிக்கு வாரதா?”

“ரெண்டாவது சொன்னதுதான்.”

“அட கிறுக்கா! கட்டுன பொண்டாட்டிய ‘ஒழி நீ’ன்னு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிருக்க! இனி அந்த ழ பக்கமே போகாத. எல்லாத்துக்கும் பள்ளிக்கூடத்து எழுத்தையே போடு.”

அன்று வேனில் வாழைத்தார் லோடு. மாமியார் வீட்டுக்கும் மறக்காமல் எடுத்துவைத்துவிட்டு, தெம்பாக எழுதினான்:

‘ஞாயிற்றுக்கிளமை வாளை கொண்டு வருகிறேன். உன் அண்ணனுக்கும் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன்.’

கடிதம் சேர்ந்த கையோடு மச்சான் மருதுபாண்டி போனில் கத்தினான். “ஏன் மாப்ள, வாளு எதுக்கு? எனக்குத் தனியா வேறயா?”

“வாளு இல்ல மச்சான், வாளை! வாளைத்தான் கொண்டாரேன்!”

அவன் வாயிலும் ழகரம் கிடையாது.

“இனி என் தங்கச்சிய மறந்துரு!” அந்தப் பக்கம் யாரோ பலமாக இருமும் சத்தம். போன் படக்கென்று நின்றது.

பொண்டாட்டி போய்விடுவாளோ என்று வீரபத்திரனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. வேனை விரட்டினான். திருச்சுழியில் வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு கதவைத் தட்டினான். மருதுபாண்டியின் மனைவி முத்துலட்சுமி எட்டிப்பார்த்தாள்.

“தங்கச்சி, அது சத்தியமா ஒளிதான்! வாளை இந்தா தோள்ல கெடக்கு! நாகஜோதிய அனுப்பிவிடும்மா!”

முத்துலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

“மொத லெட்டர்லயே ஒளின்னு புரிஞ்சு உருண்டு சிரிச்சவண்ணே அவ. கோவிச்சாத்தான அடுத்த லெட்டர் வரும்னு எங்க வீட்டு ஆளையும் கத்தவிட்டா. ரெண்டு லெட்டரையும் வாசிக்கக் கேட்ட தெருவே இப்ப மூணாவதுக்குக் காத்துக் கெடக்கு. இப்பிடி நேர்ல வந்து நின்னு கெடுத்துப்பிட்டீகளே!”